ஒற்றைச் செல்லின் செவி

சிதம்பரத்தைச் சூழ்ந்த ஊர்களின் குளத்துநீரில் ஒரு துளியை நுண்ணோக்கியின்கீழ் வைத்தால், குற்றிழைகள் துடிக்க நீந்தும் ஒருசெல் உயிரிகளைக் காணலாம். நன்னீரில் வாழும் டெட்ராஹைமினா அவ்வகையினது. அதற்குக் கணையம் இல்லை, குருதியோட்டம் இல்லை, நரம்பும் இல்லை. எனினும் முதுகெலும்பிகளின் ஹார்மோன்களுக்கு அது மறுமொழி தருகிறது.

அங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் சாபா என்னும் அறிவியலாளர் இதனைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். நம் உடலில் செய்தி சுமக்கும் ஹிஸ்டமைனைச் சேர்த்தபோது, டெட்ராஹைமினா துகள்களை மிகுதியாக விழுங்கியது. இன்சுலினையும் அதன் செல்சவ்வு பற்றிக்கொண்டது. இவற்றினும் வியப்புக்குரியது ஒன்றுண்டு. ஒருமுறை ஹார்மோனை எதிர்கொண்ட செல், மறுமுறை அதனை வலுவாக உணர்ந்தது. அது பிளந்து பெருகிய பல தலைமுறைகளும் அவ்வியல்பைக் கொண்டிருந்தன. நினைவு என்னும் சொல் இதற்குச் சற்றுப் பெரிதுதான். ஆயினும் வேறு சொல் கிடைப்பது அரிது.

பாக்டீரியாக்களிடமும் இத்தகைய மறுமொழி உண்டு. அது நமக்கு நன்மை தருவதன்று. அஞ்சும்போதும் காயமுறும்போதும் நம் உடலில் நார்அட்ரினலின் பெருகும். 1992ஆம் ஆண்டில் மார்க் லைட் குழுவினர், அதனைச் சேர்த்த வளர்ப்பு ஊடகத்தில் குடல்வாழ் எஸ்செரிச்சியா கோலை மிகுந்து பெருகுவதைக் கண்டனர். பாக்டீரியா வளர இரும்பு வேண்டும். குருதியில் உள்ள டிரான்ஸ்ஃபெரின் என்னும் புரதம் இரும்பை இறுகப் பற்றி, நுண்ணுயிர்களுக்குக் கிட்டாமல் காக்கிறது. நார்அட்ரினலின் அப்பிடியைத் தளர்த்துகிறது. தளர்ந்த இரும்பைப் பாக்டீரியா கவர்ந்துகொள்கிறது.

பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலோடு கலக்குமிடம் போன்ற உவர்நீர்ப் பகுதிகளில் விப்ரியோ இனப் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றுள் இறாலுக்கு நோய் தரும் சிலவும் இந்த ஹார்மோனை உணர்கின்றன.