சாவியைக் கொடுத்தோம், ஸ்பானரை?

சென்ற திங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மும்பை செம்பூரில் உள்ள நண்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். கட்டடத்தின் வாயிலில் பழைய மாருதி 800 ஒன்று பானெட் திறந்த நிலையில் நின்றது. அதன் முன்னே, கூந்தலை உச்சியில் முடிந்துகொண்டு, முழங்கை வரை கறையோடு, சிவப்பு ஒயர் ஒன்றுக்கு நாடா சுற்றிக்கொண்டிருந்தாள் நண்பரின் மகள். வயது இருபத்தாறு, பகலில் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் வேலை. அவ்வழியே பால் பாக்கெட்டுடன் வந்த பெரியவர் ஒருவர் நின்றார். நம்மவர்தாம், தஞ்சை ஜில்லாவிலிருந்து செம்பூருக்கு வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன.

“ஏனம்மா, மெக்கானிக் வரவில்லையா?”

“நானேதான் செய்கிறேன், மாமா.”

“வண்டி நின்றுபோய்விட்டதோ?”

“இல்லை மாமா, நன்றாகத்தான் ஓடுகிறது. விளக்குக்கு ரிலே வைக்கிறேன்.”

பெரியவர் சற்று நேரம் பார்த்தார். “நன்றாக ஓடுகிற வண்டியை எதற்கம்மா குடைகிறாய்? அப்பாவிடம் சொன்னால் ஆள் அனுப்ப மாட்டாரா?” என்று கேட்டுவிட்டு நடந்தார்.

அவர் போனபின் நாம் சிரித்தோம். ஆனால் மாடியேறிச் சென்று நண்பரிடம் நாம் கேட்ட முதற் கேள்வி, “இதையெல்லாம் அவளுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? அண்ணன் தம்பி முறையில் யாராவதா?” என்பதுதான். நண்பருக்கு ஒரே மகள் என்பது நமக்குத் தெரியும். உறவிலும் அப்படியொருவர் இல்லையென்பதும் தெரியும். தெரிந்தும் வாயில் அதுவே வந்தது. ஆகவே, அந்தப் பெரியவரைக் குறை கூற எழுந்த கட்டுரை இது என்று வாசகர்கள் கொள்ள வேண்டாம். நம்மையும் சேர்த்தே எழுதுகிறோம்.

இப்பெண்ணுக்கும் இவ்வண்டிக்கும் நம் வட்டாரத்தில் முன்பே ஒரு புகழ் உண்டு. ஈராண்டுகளுக்கு முன் மே மாதத்தில், புனேயில் நடைபெற்ற ஒரு வளைகாப்புக்காக இரு வீட்டார் அதில் புறப்பட்டனர். கண்டாலா மலையேற்றத்தில் லாரிகளின் பின்னே ஊர்ந்து சென்றபோது சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. ஓரங்கட்டிப் பார்த்தால், ரேடியேட்டரின் மின்விசிறி சுழலவில்லை. விசிறியில் பழுதில்லை, நீரின் சூடு கண்டு அதை முடுக்கிவிடும் சிறு சுவிட்சுதான் கெட்டிருந்தது. அவள் அச்சுவிட்சின் இணைப்பைக் கழற்றி, இரு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்தாள், விசிறி சுழன்றது. கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறக்கப்போன ஒருவரின் கையைத் தட்டி விலக்கினாள். நன்றாக ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி, புறப்பட்டு, வளையல் அடுக்கும் நேரத்திற்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

அவ்வண்டியில் மேற்படிப் பெரியவரின் மனைவியும் இருந்தார். அவ்வாண்டு நவராத்திரியில் அந்த மாமி இக்கதையைச் சொல்லாத கொலு செம்பூரில் இல்லை. “பெண்ணென்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!” என்று பெரியவரும் நம் சங்கக் கூடத்திலேயே மெச்சினார்.

அதே பெண், அதே கைகள், அதே வண்டி. மலைப்பாதையில் கிடைத்த மெச்சுதல் வாசலில் கிடைக்காமற் போனதேன்? இதை நாம் சில நாள் எண்ணிப் பார்த்தோம். மலையில் அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை, வாசலில் இருந்தது. ஆபத்துக்குப் பாவமில்லை என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். பெண் இயந்திரத்தைத் தொடுவதையும் அந்தக் கணக்கில் வைத்தே நாம் பொறுத்துக்கொள்கிறோம். வேறு வழியின்றித் தொட்டால் தைரியசாலி. ஓடுகிற வண்டியை இன்னும் செவ்வையாக ஓடச் செய்யும் ஆசையினால் தொட்டால் ‘ஆண்பிள்ளை போல் இதென்ன?’ என்கிறோம். அவள் பழுது பார்ப்பது நம்மை உறுத்தவில்லை. அதில் அவளுக்கு இன்பம் இருப்பதே உறுத்துகிறது.

அன்று அவள் செய்த வேலையையும் சொல்லிவிடுவோம். விளக்கு மங்கலென்று முறையிடும் அன்பர்களுக்குப் பயன்படும். இத்தகைய பழைய சிறு கார்களில் முகப்பு விளக்குக்கான மின்சாரம் முழுவதும் பேட்டரியிலிருந்து மெல்லிய ஒயர் வழியாக ஸ்டியரிங் அருகிலுள்ள சுவிட்சுக்கு வந்து, பிறகு விளக்குக்குத் திரும்புகிறது. வண்டி மூப்படைய, இணைப்புகளில் பச்சை பூக்கிறது. 12 வோல்ட்டில் ஒரு பங்கு வழியிலேயே தேய்கிறது. வெளிச்சம் மஞ்சளித்துச் சுவிட்சும் சுடுகிறது. ரிலே வைத்தால், சுவிட்சு வெறும் கட்டளையை மட்டும் அனுப்புகிறது. மின்சாரம், ஃபியூஸ் பொருத்திய தடித்த ஒயர் வழியாகப் பேட்டரியிலிருந்து நேரே விளக்குக்குப் போகிறது. பல்பு அதேதான்; வெளிச்சம் வேறு. செலவு சில நூறு ரூபாய், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அவ்வீட்டில் இவ்வேலையை முகஞ்சுளிக்காமல் பார்ப்பவர் நண்பரின் தாயார் ஒருவரே. எண்பத்தாறு வயது, மணமாகி மாட்டுங்காவுக்கு வந்தவர். 1998-இல் வாங்கிய அவ்வண்டி கார்புரேட்டர் வைத்தது. பேத்தி ஒருநாள் அதைக் கழற்றி, ‘ஜெட்’ என்னும் சிறு பித்தளைத் திருகை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து அதன் துளையைப் பார்த்திருக்கிறாள். மாடத்தில் அமர்ந்திருந்த பாட்டி, “இது நம் பம்பு ஸ்டவ் அல்லவா! பின் போட்டுக் குத்தடி” என்றாராம். “பின் போட்டால் துளை பெரிதாகிவிடும் பாட்டி, காற்றுதான் ஊத வேண்டும்” என்றாளாம் இவள்.

பாட்டி சொன்னதில் எவ்வளவு இருக்கிறது! அந்நாளில் ஓர் அறைக் குடித்தனத்தில் பித்தளைப் பம்பு ஸ்டவ்வை நம்பி வாழ்ந்த நம் தாய்மார்கள், காற்று நிற்காவிட்டால் தோல் வாஷரைக் கழற்றி எண்ணெயில் ஊறவைத்தார்கள். பர்னரைக் கழற்றிக் கரி தட்டினார்கள். தீ நீலமாக எரிகிறதா என்று கண்ணாலும், சரியாக இரைகிறதா என்று காதாலும் கண்டுகொண்டார்கள். தையல் இயந்திரத்தின் பட்டை அறுந்தால் தாமே மாட்டினார்கள். நூல் அறுந்துகொண்டேயிருந்தால் இழுவிசையைத் திருகிச் சீர் செய்தார்கள். எரிபொருளும் காற்றும் அளவாகக் கலக்க வேண்டும் என்ற கார்புரேட்டர் பாடத்தை அவர்கள் சமையலறையிலேயே படித்து முடித்திருந்தார்கள். ஆயினும் ஒருவரும் அவர்களை மெக்கானிக் என்று அழைத்ததில்லை. வீட்டுக்குள் இருந்தவரை அது இயந்திரக் கணக்கில் சேரவில்லை. பாத்திரக் கணக்கில் சேர்ந்தது.

பின் போட்டுக் குத்திய கதை மோட்டாரின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1888 ஆகஸ்டு மாதத்தில் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற அம்மையார், கணவர் கார்ல் பென்ஸுக்குச் சொல்லாமல், அவர் செய்த மூன்று சக்கர மோட்டார் வண்டியில் இரு மைந்தர்களையும் ஏற்றிக்கொண்டு, மன்ஹைமிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஃபோர்ட்ஸ்ஹைமில் தம் தாய்வீட்டுக்குப் புறப்பட்டார். எரிபொருள் தீர்ந்ததும் வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினார். குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி நீக்கினார். மின்கம்பி உராய்ந்து தேய்ந்தபோது காலுறைப் பட்டையைச் சுற்றினார்.

இக்கதை சொல்லப்படும்போதெல்லாம் ஊசியும் காலுறைப் பட்டையுமே முன்னே வந்து நிற்கின்றன. ‘பெண்ணின் சமயோசிதம்’ என்று கேட்பவர்கள் மகிழ்கிறார்கள். ஆனால் அதே பயணத்தில் பிரேக்கின் மரக்கட்டைகள் தேய்ந்தபோது, ஒரு செருப்புத் தைப்பவரிடம் தோல் வாங்கி அவற்றின்மேல் அறையச் செய்தவர் அவர். மேட்டில் மைந்தர்கள் இறங்கித் தள்ள வேண்டியிருந்ததைக் கண்டு, மலையேற இன்னுமொரு கியர் வேண்டுமென்று கணவரிடம் கூறியவரும் அவரே. அது பிறகு சேர்க்கப்பட்டது. இவை ஆபத்துக்குச் செய்த வைத்தியம் மட்டுமல்ல. வண்டியையே மாற்றிய வேலைகள். மணமாகும் முன்பே தம் சீதனப் பணத்தைக் கொடுத்துக் கார்லின் தொழிற்கூடத்தைக் காப்பாற்றியவரும் இவ்வம்மையாரே. 1886-இல் பெற்ற காப்புரிமையோ கணவர் பெயரில் மட்டும் உள்ளது.

இங்கிலாந்தில் டாரதி லெவிட் என்ற பந்தய வீராங்கனை 1909-இல் பெண்களுக்கென்றே ஒரு மோட்டார் நூல் எழுதினார். பின்னால் வருவதைக் காணக் கைக்கண்ணாடி ஒன்றை உடன் வைத்துக்கொள்ளுங்கள் என்று அதில் கூறினார். உற்பத்தியாளர்கள் வண்டியிலேயே கண்ணாடி வைத்தது பின்னால்தான். அந்நாட்டுப் பொறியாளர் பீட்ரிஸ் ஷில்லிங் இன்னும் சுவையானவர். மோட்டார் சைக்கிளைத் தாமே சீர்செய்து, புரூக்லண்ட்ஸ் பந்தயத் திடலில் மணிக்கு 100 மைலுக்கு மேல் ஓட்டித் தங்க நட்சத்திரம் பெற்றார். போர்க்காலத்தில், விமானம் தலைகீழாய்ப் பாயும்போது கார்புரேட்டரில் பெட்ரோல் வெள்ளமாகி மெர்லின் எஞ்சின் திணறுவதைத் தடுக்க, துளையிட்ட சிறு பித்தளைத் துண்டு ஒன்றை 1941-இல் வடிவமைத்தார். விமானிகள் உயிர் பிழைத்தார்கள். அத்துண்டுக்கு அவர் பெயரைச் சேர்த்து ஒரு கேலிப் பெயரும் வைத்தார்கள். அது என்னவென்று குடும்பப் பத்திரிகையில் எழுத இயலாது. 1945-இல் பதினெட்டு வயது இளவரசி எலிசபெத் ராணுவ உடையில் டயர் மாற்றவும் எஞ்சின் பிரிக்கவும் பயின்றார். அதுவும் போர், ஆகவே ஒருவரும் முகஞ்சுளிக்கவில்லை.

நம் நாட்டில், நமக்கு மிக அருகில், புனேயிலுள்ள டெல்கோ மோட்டார் தொழிற்சாலைக்கு ஆள் வேண்டுமென்று 1974-இல் வந்த விளம்பரத்தில், பெண்கள் விண்ணப்பிக்க வேண்டியதில்லை என்றிருந்தது. பெங்களூரில் பயின்றுகொண்டிருந்த சுதா என்ற மாணவி, பின்னாளில் சுதா மூர்த்தி, ஓர் அஞ்சலட்டையில் ஜே.ஆர்.டி. டாட்டாவுக்கே கேள்வி எழுதிப்போட்டு, நேர்காணலுக்கு அழைக்கப்பட்டு வேலையும் பெற்றதை வாசகர்கள் அறிவர். சட்டமும் அக்காலத்தில் சற்று விலகியே நின்றது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, ஓடிக்கொண்டிருக்கும் மூல இயந்திரத்தைத் துடைக்கவோ எண்ணெயிடவோ சரிசெய்யவோ பெண்களையும் இளம் பருவத்தினரையும் அனுமதிக்கலாகாது என்றது. பாதுகாப்புக் கருதிய விதிதான். எனினும், முப்பது வயதுப் பெண்ணும் பதினாறு வயதுச் சிறுவனும் அதில் ஒரே வரிசையில் நிறுத்தப்பட்டார்கள்.

வண்டியைக் குடைவது பற்றிப் பெரியவர் கூறியதில் ஒரு நியாயமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள உற்பத்தியாளரின் விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ நேரலாம். இதை நாம் அவளிடம் கூறியபோது, பிரிவு எண்ணை அவளே நமக்குச் சொன்னாள். எதிரே வருபவர் கண்ணைக் கூசச் செய்யும் அதிக வாட் பல்பைக் கடைக்காரர் தள்ளிவிடப் பார்த்தும் வாங்காமல் வந்ததாகவும் சொன்னாள். அந்தக் குர்லா கடையில் அவர் பேசியதெல்லாம் உடன் சென்ற நம் நண்பரிடந்தான். கேட்டவள் அவள், பதில் பெற்றவர் நண்பர். நண்பருக்கோ ரிலேக்கும் ரவைக்கும் வேறுபாடு தெரியாது.

எங்கே கற்றாள் என்ற நம் கேள்விக்கும் விடை கிடைத்தது. அருகிலுள்ள பட்டறையில் முதிய மெக்கானிக் ஒருவர் ஓராண்டு சனிக்கிழமைதோறும் அவளைப் பக்கத்தில் நிற்க அனுமதித்தார். அவர் விதித்த ஒரே நிபந்தனை, துப்பட்டாவை வீட்டிலேயே விட்டுவிட்டு வரவேண்டும் என்பது. ஓடும் பெல்ட்டில் துணி சிக்கினால் ஆணென்றும் பெண்ணென்றும் பாராது. ஆனால் அவரிடம் முறையாகத் தொழில் பழகும் பையன்கள் அங்கேயே உண்டு, அங்கேயே உறங்கி, இரவு பத்து மணி வரை வேலை செய்து ஆண்டுக்கணக்கில் கற்கிறார்கள். தெருவோரப் பட்டறை, கழிப்பறை கிடையாது. பெண்ணுக்கு இத்தொழில் வராது என்பவர்கள், அவள் எங்கே நின்று கற்பாள் என்பதை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

நண்பரின் மனைவி இதுவரை ஒன்றும் பேசவில்லை. காபி கொடுத்தபின் ஓர் உறையை எடுத்து வந்தார். மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். ஜாதகத்துடன் அனுப்பும் குறிப்பில் ‘பொழுதுபோக்கு’ என்ற இடத்தில் மகள், ‘பழைய கார்களைச் சீர்செய்தல்’ என்று எழுதியிருந்தாள். தாய் அதை அடித்துவிட்டு, ‘வாய்ப்பாட்டு’ என்று எழுதி வேறொரு பிரதி எடுத்திருக்கிறார். “அவள் பாடுவாள்தான், பொய்யில்லை. பிள்ளை வீட்டார் முதல் பார்வையிலேயே தள்ளிவிட்டால் என்ன செய்வது? நீங்களே சொல்லுங்கள்” என்றார். சென்ற தையில் வந்த ஓர் இடம், கையில் ஸ்பானருடன் நின்ற படம் ஒன்றை எங்கோ பார்த்துவிட்டுப் பின்வாங்கியதாம். அந்தத் தாயின் கலக்கத்தை நாம் பழிக்க மாட்டோம். “பின்வாங்கியது நல்லதாயிற்று” என்று பாட்டி மாடத்திலிருந்து குரல் கொடுத்தார். ஒருவரும் பதில் பேசவில்லை.

அதற்குள் கீழேயிருந்து அவள் அழைத்தாள். இறங்கிச் சென்றோம். விளக்கைப் போட்டுக் காட்டினாள். பகல் பதினொரு மணி வெயிலில் நமக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, தெரிந்ததுபோல் தலையசைத்தோம். “மாலையில் வந்து பாருங்கள் மாமா” என்றாள்.

மாலையிலும் சென்றோம். சுவரில் வெளிச்சம் வெண்மையாக, விளிம்பு தெரிய விழுந்தது. மேசைமேல் குறிப்பின் இரு பிரதிகளும் அருகருகே கிடந்தன. எதை அனுப்புவதென்று அதுவரை முடிவாகவில்லை.