மூடின றெக்கைக்குள்ள என்ன இருக்கு?

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கப்பட்டிருக்கிறது.)

நான் கட்டின முதல் பால்சா மர மாடல் ப்ளேன் மூணாவது தடவை பறக்கும்போதே றெக்கை ஒடிஞ்சு விழுந்துச்சு. வெளியிலிருந்து பார்த்தா ஒரு குறையும் இல்ல. வழவழன்னு உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, மேல பேப்பர் ஒட்டி, பெயின்ட் அடிச்சு, இன்ஸ்டாகிராம்ல போட்டோகூடப் போட்டாச்சு.

ஒடிஞ்ச இடத்தைப் பிரிச்சுப் பார்த்தேன். றெக்கைக்கு முதுகெலும்பு மாதிரி நீளமா ஓடுற மரத்துக்கு ஸ்பார்னு பேரு. ரெண்டு ஸ்பார் சேருற இடத்துல ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருந்திருக்கு. அதை நான் பசையை ஊத்தி நிரப்பியிருக்கேன். மரமும் மரமும் தொடவே இல்ல.

பழைய மர விமானங்களை மீட்டெடுக்க ஆசைப்படுறவங்க முதல்ல மாடல் கட்டிப் பழகுறது நல்லதுன்னு நான் சொல்றது இதனாலதான். அது எதைக் கத்துக்கொடுக்கும், எதைக் கொடுக்காதுன்னு இன்னைக்குப் பார்க்கலாம்.

உதாரணத்துக்கு, இங்கிலாந்தோட டி ஹாவிலாண்ட் மஸ்கிட்டோ. 1940 நவம்பர் 25 அன்னைக்கு முதல்முறையா பறந்த போர் விமானம். உடம்பு, றெக்கை எல்லாமே மரம். ரெண்டு பிர்ச் ப்ளைவுட் தகடுகளுக்கு நடுவுல பால்சா வச்ச சாண்ட்விச்தான் அதோட உடம்பு. ஆமா, நாம மாடல் கட்டுற அதே பால்சா! பல பாகங்களைச் செஞ்சதே ஃபர்னிச்சர் கம்பெனிகள்தான். உடம்பை நீளவாக்குல ரெண்டு பாதியா அச்சுல செஞ்சு, உள்ளே வயர், குழாய் எல்லாம் மாட்டிட்டு, அப்புறம் சேர்த்து ஒட்டினாங்க.

பிளாஸ்டிக் மாடல் கிட் கட்டினவங்களுக்கு இது உடனே புரியும். அதுவும் பாதி பாதியாத்தான் வரும். உள்வேலையை முதல்ல முடிக்கணும், மூடிட்டா கை போகாது. ஆக, முதல் பாடம் வேலையோட வரிசை. கோடிங்ல சொதப்பினா ரோல்பேக் பண்ணலாம். பசை காஞ்சிடுச்சுன்னா ரோல்பேக் கிடையாது.

ரெண்டாவது பாடம், மரத்தோட ரேகை. ஸ்பார் நீளத்துக்கு ரேகை ஓடுற மாதிரி வெட்டலைன்னா படக்குனு ஒடியும். ஒரு தடவை கையால ஒடிச்சுப் பார்த்தா மறக்கவே மாட்டீங்க.

மூணாவது, இணைப்பு. ஒடிஞ்ச ஸ்பாரை நேரா வெட்டி, முனையோட முனை முட்டவச்சு ஒட்டினா நிக்காது. ரெண்டு முனையையும் சாய்வா சீவி, ஒண்ணு மேல ஒண்ணு படியவச்சு ஒட்டணும். இதுக்கு ஸ்கார்ஃப் ஜாயின்ட்னு பேரு. அமெரிக்க விமானத்துறையோட ரிப்பேர் கையேடு 10-க்கு 1-லிருந்து 12-க்கு 1 வரை சாய்வு கேட்குது. அதாவது 2 செ.மீ. தடிமனான மரத்தை 20 முதல் 24 செ.மீ. நீளத்துக்குச் சீவணும்.

என் மாடல் ஒடிஞ்சதுல போனது சில நூறு ரூபாய். ஆனா 1944-ல இந்தியாவுல இருந்த பிரிட்டிஷ் விமானப்படையோட சில மஸ்கிட்டோக்கள் வானத்துலயே உடைஞ்சு, விமானிகள் செத்துப்போனாங்க. பறக்கிறதையே நிறுத்திவச்சு விசாரிச்சாங்க. இங்கே இருக்கிற சூடும் ஈரமும்தான் காரணம்னு ஒரு தரப்பு சொன்னுச்சு. பசை ஒட்டின வேலையே சரியில்லன்னு இன்னொரு தரப்பு. எதுவா இருந்தாலும், கோளாறு இருந்தது மூடின றெக்கைக்குள்ள.

சரி, மாடல் கத்துக்கொடுக்காதது என்ன? அளவு. 12-ல் 1 பங்கு மாடல் எடுத்துக்கோங்க. நிஜ விமானம் நீளத்துல 12 மடங்குன்னா, அதே மரம், அதே விகிதத்துல கட்டினா, சுமை தாங்குற மரத்தோட குறுக்குவெட்டு 144 மடங்கு ஆகும். எடையோ 1,728 மடங்கு ஆகும். அப்போ ஒவ்வொரு சதுர மில்லிமீட்டர் மரமும் 12 மடங்கு சுமை தாங்கணும். மாடல்ல தப்பிச்ச சுமாரான இணைப்பு அங்கே தப்பிக்காது. அதனாலதான் நிஜ விமானத்துல றெக்கையை மூடுறதுக்கு முன்னாடி, தகுதியுள்ள இன்ஸ்பெக்டர் உள்ளே பார்த்துக் கையெழுத்துப் போடணும்.

இந்த வேலைக்கு எவ்வளவு பொறுமை வேணும்னா, கனடாவுல 1945-ல செஞ்ச ஒரு மஸ்கிட்டோ போருக்கு அப்புறம் ஒரு பண்ணையில கிடந்து உளுத்துப்போச்சு. நியூசிலாந்துல க்ளின் பாவெல்ங்கிறவர் பல வருஷம் உழைச்சு, உடம்பு செய்யுற அச்சுகளைப் புதுசா உருவாக்கினார். அதை வச்சு மர பாகங்களைத் திரும்பக் கட்டி, 2012 செப்டம்பர்ல அந்த விமானத்தைப் பறக்கவிட்டாங்க.

நீங்க ஆரம்பிக்கிறதா இருந்தா, ஒரு பழக்கத்தை மட்டும் முதல் நாளே வச்சுக்கோங்க. ஒவ்வொரு முறை பசை கலக்கும்போதும், அதே மரத்தோட ரெண்டு துண்டை அதே பசையால ஒட்டி, காஞ்சதும் ஒடிச்சுப் பாருங்க. மரம் கிழிஞ்சா இணைப்பு நல்லா இருக்கு. பசைக்கோட்டுல விட்டுச்சுன்னா, அன்னைக்கு ஒட்டினது எதையும் நம்பாதீங்க. நிஜ விமானத்துல வேலை செய்யுறவங்களும் இப்படித்தான் சோதிக்கிறாங்க.

என் ரெண்டாவது றெக்கை இப்போ மேசைமேல இருக்கு, இன்னும் பேப்பர் ஒட்டல. இந்தத் தடவை இன்ஸ்டாகிராம்ல போடப்போறது அந்த எலும்புக்கூடு போட்டோவைத்தான். இணைப்புல இடைவெளி தெரிஞ்சா கமென்ட்ல சொல்லுங்க, மூடுறதுக்கு முன்னாடி! அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.