ஆடையின் முத்திரை எதைச் சொல்கிறது?

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர் கடைவீதியில் வாங்கும் பனியன், பெரும்பாலும் திருப்பூரிலிருந்து நம்மைப் போலவே இரயிலேறி வந்ததாக இருக்கும். அண்மைக் காலமாக இத்தகைய ஆடைகளில் புதுவகை வாசகங்கள் காணப்படுகின்றன. 'இயற்கைப் பருத்தி', 'பூமிக்குத் தீங்கற்றது', 'அறவழியில் தயாரித்தது' என்பன அவை. கூடுதல் விலையும் அவற்றின் பெயராலேயே கேட்கப்படுகிறது. இவ்வாசகங்களை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று ஆராய்வோம்.

பருத்திக் காடு, நூற்பாலை, தறி, சாயப்பட்டறை, தையற்கூடம் எனப் பல இடங்களைக் கடந்தே ஓர் ஆடை நம்மிடம் வருகிறது. முத்திரைகளோ பெரும்பாலும் இவற்றுள் ஏதேனும் ஓரிடத்தைப் பற்றி மட்டும் பேசி, மற்றவற்றைப் பற்றி வாய் திறவாதவை. 2004-இல் தோன்றிய பட்டு முத்திரை, இழை தூய பட்டு என்று உறுதி கூறும்; அதை நெய்தது கைத்தறியா விசைத்தறியா என்று கூறாது. 2006-இல் வந்த கைத்தறி முத்திரை தறியைச் சொல்லும். நெசவாளர் பெற்ற கூலியைச் சொல்லாது. ஜி.ஓ.டி.எஸ். என்னும் சர்வதேச முத்திரை சற்று விரிந்த நோக்குடையது. 'இயற்கை' என்று எழுதுவதற்கு, இழையில் நூற்றுக்கு 95 பங்கேனும் இயற்கை வேளாண்மையில் விளைந்திருத்தல் வேண்டும். சாயக் கழிவுநீருக்கும் அதில் விதிகள் உண்டு. ஆயினும் 2020-இல், இந்தியப் பருத்தி 20,000 டன்னுக்குப் பொய்ச் சான்றுகள் காட்டப்பட்டதை அவ்வமைப்பே கண்டறிந்து வெளியிட்டது.

மெய்யான செலவு சாயத்தில் இருக்கிறது. பருத்தியில் நிறம் ஏற ஏராளமான நீரும் உப்பும் தேவை. அக்கழிவு நொய்யல் ஆற்றில் கலந்தது. பாசனத்துக்கென ஒரத்துப்பாளையத்தில் கட்டிய அணை சாயநீர்த் தேக்கமாக மாறியது. பயிருக்கு நீர் வேண்டிய உழவரே அந்நீர் வேண்டாமென்று நீதிமன்றம் சென்றனர். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. கழிவைச் சுத்திகரித்து, ஒரு சொட்டும் வெளிவிடாமல் நீரையும் உப்பையும் திரும்பப் பெறவேண்டும் என்பதே நிபந்தனை. இதற்குப் பெரும் பொருட்செலவாகும். ஆகவே அடர்நிறச் சட்டை வியப்பூட்டும் மலிவில் கிடைக்குமாயின், அச்செலவை ஏற்றவர் யார் என்று ஐயுறுவது நியாயமே. இராஜஸ்தானத்துப் பாலி நகரின் பாண்டி ஆறும், லூதியானாவின் புட்டா நாலாவும் இதே துயரைக் கண்டவைதாம்.

இனித் தொழிலாளர் நிலை. தணிக்கையாளர் ஓரிரு நாள் வந்து பார்த்து வழங்கும் நற்சான்றுக்கு நாம் பெருமதிப்பளிப்பதற்கில்லை. கராச்சியில் 2012 செப்டம்பரில் ஓர் ஆடைத் தொழிற்சாலை தீக்கிரையாகி 250 பேருக்கு மேல் மாண்டனர். சில வாரங்களுக்கு முன்புதான் அது எஸ்.ஏ.8000 என்னும் சமூகப் பொறுப்புச் சான்றைப் பெற்றிருந்தது! இதனினும் மேலானது, தொழிலாளரே ஒரு தரப்பாகக் கையெழுத்திடும் ஒப்பந்தம். திண்டுக்கல் மாவட்டத்து ஆலையொன்றின் பெண் தொழிலாளி 2021-இல் கொலையுண்டபின், தொழிற்சங்கமும் ஆலை நிறுவனமும் வெளிநாட்டுக் கொள்முதலாளரும் 2022-இல் சட்டப்படி கட்டுப்படுத்தும் உடன்படிக்கை செய்துகொண்டனர். பயிற்சி பெற்ற தொழிலாளரே ஆலைக்குள் கண்காணிக்கவும் அது வழி செய்தது. எந்த விளம்பர வாசகத்திலும் இவ்வளவு உறுதி இல்லை.

பெரிய நிறுவனங்கள் சில, தமக்குத் தைத்துத் தரும் ஆலைகளின் பட்டியலை வெளியிடுகின்றன. நன்று. ஆனால் அப்பட்டியல் பெரும்பாலும் தையற்கூடத்தோடு நின்றுவிடும். மூன்றாண்டு முடிவில் மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி ஏழைப் பெண்களை விடுதியில் வைத்து வேலை வாங்கிய 'சுமங்கலித் திட்டம்' நிகழ்ந்தது பெரிதும் நூற்பாலைகளில். ஆறு கெட்டது சாயப்பட்டறையால். ஆதலால், வாங்குமுன் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்க விரும்பும் நேயர்கள், நூற்ற ஆலையின் பெயரையும் சாயமிட்ட பட்டறையின் பெயரையும் கேட்பாராக. அங்கே தொழிற்சங்கம் உண்டா என்பது அடுத்த கேள்வி.

பிற மாநில நகரங்கள் சிலவற்றில் உள்ள கோ-ஆப்டெக்ஸ் கடைகளிலும் இக்கேள்வியைக் கேட்கலாம். அதன் சேலைகள் சிலவற்றில் நெசவாளரின் பெயரும் படமும் கொண்ட அட்டை இணைக்கப்பட்டதுண்டு. அது பாராட்டத்தக்க வழக்கம். சாயமிட்டவரின் பெயர்தான் அதில் இல்லை.