இரும்புக்கையும் ஒரு கையெழுத்தும்



எங்கள் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் கணிதப் புத்தகத்துக்குள் வேறொரு புத்தகத்தை மறைத்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தான். பின்னால் சென்று மெதுவாக எடுத்தேன். அட்டை இல்லை, ஓரங்களைக் கரையான் அரித்திருந்தது. ஆனால் முதல் பக்கத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. காற்றில் தனியே மிதந்து வரும் ஓர் இரும்புக் கை! "ஏதுடா இது?" என்றேன். "தாத்தா பெட்டியில இருந்துச்சு சார்" என்றான். பிறகு, அடி விழாது என்று தெரிந்த தைரியத்தில், "சார், மாயாவி தமிழருங்களா?" என்று கேட்டான்.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியில் யோசித்துப் பார்த்தேன். பையன் கேட்டது சிரிக்க வேண்டிய கேள்வி அல்ல. நாம் கையில் பிடித்திருக்கும் ஒரு பொருள் எங்கே பிறந்தது, யார் கையால் ஆனது, யார் அதற்குக் கூலி வாங்கினார்கள் என்று கேட்பதுதானே கல்வியின் தொடக்கம்? அந்தக் கேள்விக்கு விடையாகவே இன்றைய பேச்சை அமைத்துக்கொள்கிறேன்.

இரும்புக்கை மாயாவி தமிழர் அல்லர். அவர் பிறந்த ஊர் இலண்டன். பிறந்த நாள் 1962-ஆம் ஆண்டு அக்டோபர் 6. அன்றுதான் 'வேலியண்ட்' என்னும் சிறுவர் வார இதழின் முதல் வெளியீடு கடைக்கு வந்தது. அதில் 'எஃகு நகம்' என்று பொருள்படும் பெயருடைய ஒரு படக்கதை தொடங்கிற்று. அதன் நாயகன் லூயிஸ் கிராண்டேல், ஒரு பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளன். முன்பே ஒரு விபத்தில் வலக்கையை இழந்து, அதற்குப் பதிலாக எஃகினால் செய்த கையைப் பொருத்திக்கொண்டவன். ஒரு நாள் ஆய்வுக்கூடத்தில் வெடி விபத்து நிகழ்கிறது. பெரும் மின்சாரம் அவன் உடலில் பாய்கிறது. புகை அடங்கியதும் பார்த்தால் ஆளைக் காணோம். எஃகுக் கை மட்டும் தெரிகிறது! அது முதல் உடலில் மின்சாரம் பாயும்போதெல்லாம் அவன் மறைந்துவிடுவான்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கிராண்டேல் தொடக்கத்தில் நல்லவன் அல்லன். பிறர் கண்ணுக்குத் தெரியாத வல்லமை கிடைத்ததும் அவன் முதலில் செய்தது திருட்டு. பிறகுதான் திருந்தி, 'நிழற்படை' என்னும் இரகசியப் படையில் சேர்ந்து தீயவர்களோடு போராடுகிறான். கதையை முதலில் எழுதியவர் கென் பல்மர் என்னும் ஆங்கிலேயர். பின்னர் டாம் டல்லி எழுதினார். வரைந்தவரோ ஆங்கிலேயரும் அல்லர். பார்சலோனா நகரத்தைச் சேர்ந்த ஸ்பானியர், ஹெசூஸ் பிளாஸ்கோ. 1919-இல் பிறந்தவர். அவருடைய உடன்பிறந்தவர்களும் ஓவியர்களே. ஸ்பெயினில் உட்கார்ந்து வரைந்தார், இலண்டனில் அச்சாயிற்று. இருட்டையும் நிழலையும் அவர் மையில் தீட்டியிருக்கும் அழகை இன்றும் நான் வியந்து பார்ப்பதுண்டு.

சரி, இலண்டன் பையன்களின் கதை நம் தோட்டத்து லயத்துக்கு எப்படி வந்தது?

வழியில் சிவகாசி இருக்கிறது. பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் பெயர் போன ஊர் என்பது உங்களுக்குத் தெரியும். பட்டாசுக் கட்டுக்கு வண்ணத் தாள் வேண்டும், தீப்பெட்டிக்கு மேலொட்டும் படம் வேண்டும். ஆகையால் அந்த ஊரில் அச்சுத் தொழிலும் செழித்தது. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் சாமிப் பட நாட்காட்டிகளில் பல அங்கே அச்சானவையே. அவ்வூர்ப் பதிப்பாளர் திரு. சௌந்திரபாண்டியன் இலண்டன் நிறுவனத்திடம் உரிமை பெற்று, 1972-இல் 'முத்து காமிக்ஸ்' என்ற வெளியீட்டைத் தொடங்கினார். முதல் புத்தகமே 'இரும்புக்கை மாயாவி'. முல்லை தங்கராசன் அதன் ஆசிரியராகப் பணியாற்றினார். கிராண்டேல் என்ற பெயர் நம் பிள்ளைகள் வாயில் நுழையாவிட்டாலும், 'மாயாவி' என்றதும் ஒட்டிக்கொண்டது. தமிழில் அவர் பெற்ற புகழைப் பாருங்கள்: தாய்வீடான 'வேலியண்ட்' 1976-இல் தனி இதழாக இல்லாமல் போயிற்று, முத்து காமிக்ஸோ 2022-இல் ஐம்பது ஆண்டு நிறைவைக் கண்டது.

அதே 1972-இல்தான் நம் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக்குப் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறியது. ஆள்களை ஏற்றிவந்த 'ரஜூலா' கப்பலின் கடைசி ஆண்டுகள் அவை. அது நின்ற பிறகு 1973 முதல் 'சிதம்பரம்' கப்பல் சென்னையையும் நாகப்பட்டினத்தையும் இந்தப் பக்கத்தோடு இணைத்தது. 1985-இல் நடுக்கடலில் தீப்பிடித்ததோடு அந்தப் பயணம் முடிந்தது. என் தாய்மாமா துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலை பார்த்தவர். கப்பலில் வந்தவர்கள் வெங்காயக் கூடை, சேலை, ஊறுகாய் ஜாடி இவற்றோடு இந்தப் புத்தகங்களையும் கொண்டு வருவார்களாம். மாமா அவற்றை வாங்கி வைத்திருந்து எனக்குக் கொடுத்தார். ஒரு புத்தகம் எங்கள் லயத்தில் பன்னிரண்டு வீடு சுற்றிவிட்டுத் திரும்பும்போது மஞ்சள் கறையும் பால் பிசினும் ஒட்டியிருக்கும். என் அம்மா மட்டும் அதைத் தொடமாட்டார். "பாடத்தை விட்டுட்டுப் பேய்க்கதை படிக்கிறான்" என்று இரண்டு புத்தகங்களை அடுப்பில் போட்டார். அந்தச் சூடு இன்னும் எனக்கு ஆறவில்லை.

அம்மா பயந்ததில் நியாயமே இல்லை என்றும் சொல்ல முடியாது. மாயாவி தன் எஃகு விரலை மின்சாரத் துளையில் நுழைத்து மறைந்துபோவார். எங்கள் தோட்டத்தில் அப்போது ஜெனரேட்டர் வெளிச்சம்தான், அதுவும் இரவு பத்து மணி வரை. ஆனால் இன்று எல்லா வீட்டிலும் மின்சாரம் இருக்கிறது. ஆகவே பெற்றோர்களே, இதைப் பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்லுங்கள். நம் வீட்டுச் சுவரில் வரும் மின்சாரம் 230, 240 வோல்ட் அழுத்தமுடையது. எஃகு மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஆகையால் அந்தக் கை அவரைக் காப்பாற்றாது, முதலில் கொன்றுவிடும். ஈரக் கால், ஈரக் கை இருந்தால் ஆபத்து இன்னும் பெரிது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒளி கண்ணுக்குள் நுழைந்து, பின்புறத் திரையில் பட்டு நின்றால்தான் நமக்குப் பார்வை. உடல் முழுதும் ஒளியை ஊடுருவ விட்டால் கண்ணும் விட்டுவிடும். உண்மையில் மறையக்கூடிய மனிதர் ஒருவர் இருந்தால் அவர் குருடராகத்தான் இருப்பார். வகுப்பில் இதைச் சொன்னபோது நம் பையன் முகம் வாடிவிட்டது. "சும்மா கதைதானே சார்" என்று அவனே சமாதானம் சொன்னான்.

இனி மாயாவிக்கு ஒரு தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கேதான் நான் உங்களுக்குச் சொல்ல நினைத்த செய்தி இருக்கிறது.

சௌந்திரபாண்டியனின் மகன் விஜயன் 1984-இல், பதினேழு வயதில், 'லயன் காமிக்ஸ்' தொடங்கினார். அதில் வந்த ஒரு புத்தகம் 'எத்தனுக்கு எத்தன்'. நாயகன் பெயர் ஸ்பைடர். கூர்ந்த காது, கறுப்பு உடை, வலை வீசும் துப்பாக்கி. இவனும் இலண்டன் சரக்கு. 1965-இல் 'லயன்' என்ற ஆங்கில வார இதழில் பிறந்தவன். இவனும் முதலில் குற்றவாளி. நியூயார்க் நகரத்துக் கள்வர்களுக்கெல்லாம் அரசனாக வேண்டும் என்பதே இவன் ஆசை. பிறகு கதை எழுதுபவர் மாறினார். ஸ்பைடரும் மாறி, கள்வர்களைப் பிடிப்பவன் ஆனான். அப்படி மாற்றியவர் ஜெரி சீகல் என்னும் அமெரிக்கர்.

அந்தப் பெயர் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அவர் படைத்த இன்னொருவனைத் தெரியாத பிள்ளை உலகத்தில் இல்லை. நீல உடை, சிவப்புப் போர்வை, வானத்தில் பறப்பவன். ஆம், சூப்பர்மேன்!

சூப்பர்மேனைப் படைத்தவர், எதற்காகக் கடல் கடந்து இலண்டன் இதழ் ஒன்றுக்கு வாரக் கூலிக்கு எழுத வேண்டும்?

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் இரண்டு பள்ளி நண்பர்கள். ஜெரி சீகல் எழுதுவார். ஜோ ஷூஸ்டர் வரைவார். இருவரும் 1914-இல் பிறந்தவர்கள். இருவருடைய பெற்றோரும் ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்த யூதர்கள். சீகலின் தந்தை சிறு துணிக்கடை வைத்திருந்தார். 1932-இல் அந்தக் கடையில் திருடர்கள் புகுந்தபோது அவர் மாரடைப்பால் இறந்தார். ஷூஸ்டர் வீட்டில் வரைதாள் வாங்கவும் காசு இல்லை. கிடைத்த காகிதத்திலெல்லாம் வரைந்தார். 1933-இல் அவர்கள் முதன்முதல் உருவாக்கிய 'சூப்பர்மேன்' ஒரு வில்லன். மறுபடியும் யோசித்து அவனை நல்லவனாக்கினார்கள். அழியப்போகும் ஒரு தொலைதூரக் கிரகத்திலிருந்து, பெற்றோர் தங்கள் ஒரே குழந்தையைச் சிறு விண்கலத்தில் ஏற்றிப் பூமிக்கு அனுப்பிவிடுகிறார்கள். குழந்தை முன்பின் தெரியாத நாட்டில் இறங்கி, எளிய குடியானவர் வீட்டில் வளர்கிறது. கப்பலில் வந்து இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு இந்தக் கதையின் சுவை தனியாகத் தெரியும். அதை எழுதியவரும் அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைதானே.

பத்திரிகைகள் பல ஆண்டுகள் அதைத் திருப்பி அனுப்பின. 1938 மார்ச் மாதம் ஒரு நிறுவனம் ஏற்றுக்கொண்டது. 13 பக்கங்கள், பக்கத்துக்குப் பத்து டாலர், மொத்தம் 130 டாலர். ஆளுக்கு 65. கூடவே ஒரு தாள். சூப்பர்மேன் தொடர்பான எல்லா உரிமையும் என்றென்றைக்கும் நிறுவனத்துக்கே என்று அதில் எழுதியிருந்தது. இருவருக்கும் வயது 23. கையெழுத்துப் போட்டார்கள். வேலை கிடைத்தால் போதும் என்ற நிலை. அவர்களுக்குக் கொடுத்த காசோலையில் இருவர் பெயரும் பிழையாக எழுதப்பட்டிருந்தன.

அந்தக் கதை வந்த முதல் இதழின் விலை பத்துக் காசு. 2024-இல் அந்த இதழின் ஒரு பிரதி 60 இலட்சம் அமெரிக்க டாலருக்கு ஏலம் போனது. பிழையான பெயர்களோடு கூடிய காசோலைகூட 2012-இல் 1,60,000 டாலருக்கு விலை போனது. வெறும் தாள், பணமாக்கி முடிந்துபோன தாள்! படைத்தவர்கள் கதை வேறு. 1947-இல் வழக்குப் போட்டார்கள். முடிவில் ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. வேலையும் போயிற்று, கதையின் தலைப்பிலிருந்து அவர்கள் பெயரும் போயிற்று. 1950-களின் இறுதியில் சீகல் அதே நிறுவனத்துக்கு, தன் பெயர் போடாமல், மீண்டும் எழுதினார். 1960-களின் நடுவில் உரிமையைப் பற்றி மறுபடியும் பேச்செடுத்ததும் அந்த வேலையும் நின்றது. அப்போது கிடைத்ததுதான் இலண்டன் 'ஸ்பைடர்'. நம் பிள்ளைகள் தமிழில் கைதட்டிப் படித்த கதை, வேலை இழந்த ஒரு மனிதர் வயிற்றுப்பாட்டுக்காக எழுதியது.

இங்கே என் தந்தையாரைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. தோட்டம் கைமாறியபோது, ஒரு நாள் காலைப் பெரட்டு முடிந்ததும், ஆள்களை வரிசையில் நிறுத்தித் தாள் கொடுத்தார்கள். அப்பாவுக்குத் தமிழ் படிக்க வரும். தாள் தமிழில் இல்லை. "சம்பளக் கணக்குதான், போடுங்க" என்று யாரோ சொன்னார். அப்பா நிறுத்தி நிதானமாகத் தம் பெயரை எழுதினார். அவருடைய கையெழுத்து அழகாக இருக்கும். மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது, வீட்டைக் காலி செய்யச் சம்மதம் என்று அதில் இருந்தது. நாங்கள் துறைமுகத்துப் பக்கம் புறம்போக்கில் பலகை வீடு போட்டுக்கொண்டோம். அந்தத் தாளின் நகலை அப்பா கடைசிவரை தகரப் பெட்டியில் வைத்திருந்தார். கையெழுத்துப் போடுமுன் ஒரு நாள் அவகாசம் கேட்கலாம், நகல் கேட்கலாம், படித்துச் சொல்ல ஒருவரைக் கூட்டி வரலாம் என்று அவருக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. நான் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறேன்.

சீகலுக்கு வருவோம். 1975-இல் சூப்பர்மேனைப் பெரும் செலவில் திரைப்படமாக எடுக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்தது. அப்போது அவர் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஓர் அலுவலகத்தில் சாதாரண எழுத்தர். ஷூஸ்டருக்குக் கண் பார்வை ஏறக்குறைய போய்விட்டது. சீகல் நடந்தவற்றையெல்லாம் நீண்ட கடிதமாக எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். நீல் ஆடம்ஸ், ஜெரி ராபின்சன் முதலிய ஓவியர்கள் அந்த இருவருக்காக வெளியே வந்து பேசினார்கள். தொலைக்காட்சி, செய்தித்தாள் எல்லாவற்றிலும் செய்தி பரவிற்று. அவ்வாண்டு டிசம்பரில் நிறுவனம் இறங்கி வந்தது. ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகை, மருத்துவக் காப்புறுதி. அதோடு, இனி சூப்பர்மேன் கதை வருமிடத்தில் படைத்தவர்கள் இன்னார் என்று பெயர் போட வேண்டும். உரிமை திரும்பவில்லை, பெயர் திரும்பிற்று. 1978-இல் வந்த படத்தில் அந்தப் பெயர்கள் இருக்கின்றன. ஷூஸ்டர் 1992-இலும் சீகல் 1996-இலும் காலமானார்கள்.

இலண்டன் இதழ்களிலோ அக்காலத்தில் எழுதியவர், வரைந்தவர் பெயரைப் போடும் வழக்கமே இல்லை. மாயாவியை வரைந்த பிளாஸ்கோ 1995-இல் காலமானார். அவருடைய இருட்டையும் நிழலையும் பார்த்துப் பயந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு அவர் பெயர் தெரியாது.

இதையெல்லாம் இரண்டு வகுப்புகளில் சொல்லி முடித்தேன். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்து, கணித வேளையில் மட்டும் எடுக்கக் கூடாது என்று சொன்னேன். மறுநாள் பையன் அதற்குப் பழைய நாட்காட்டித் தாளில் அட்டை போட்டுக் கொண்டுவந்தான். மேலே 'இரும்புக்கை மாயாவி' என்று பெரிதாக எழுதி, கீழே பேனாவால் 'படம்: ஹெசூஸ் பிளாஸ்கோ, ஸ்பெய்ன் நாடு' என்று எழுதியிருந்தான். 'பிளாஸ்கோ'வில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. அதை மட்டும் வைத்துக் கொடுத்தேன்.