சுயாதீன ஒளிப்படக் கலைஞர்

சுயாதீன ஒளிப்படக் கலைஞர் என்பவர் எந்த ஒரு நிறுவனத்திலும் மாதச் சம்பளத்திற்குப் பணிபுரியாமல், தாமே பணிகளைத் தேடிப் பெற்று, சொந்தக் கருவிகளைக் கொண்டு படமெடுத்துக் கொடுத்து வாழ்க்கை நடத்தும் ஒளிப்படக் கலைஞர் ஆவார். பேச்சு வழக்கில் இவரை ஃப்ரீலான்ஸ் போட்டோகிராபர் என்று அழைப்பர். திருமணம், காதணி விழா, கோயில் திருவிழா, செய்தி, விளம்பரம், சமூக ஆவணப்படுத்தல் எனப் பல துறைகளில் இவர் பணியாற்றலாம்.

படமெடுத்தல் இத்தொழிலின் ஒரு பகுதி மட்டுமே ஆகும். எடுத்த படம் சட்டப்படி யாருக்கு உரியது, அதற்கான ஊதியம் எப்போது கைக்கு வரும், படத்தில் இடம்பெற்றவரின் விருப்பம் என்ன ஆகிய மூன்று கேள்விகளும் இக்கலைஞரின் வாழ்வைத் தீர்மானிக்கின்றன. இக்கட்டுரை மதுரை நகரையும் பரவை முதலிய சுற்றுப்புற ஊர்களையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இவற்றை விளக்குகிறது.

வரலாறு

மதுரையின் பழைய ஒளிப்படங்களுள் குறிப்பிடத்தக்கவை லின்னேயஸ் டிரைப் எடுத்தவை ஆகும். ஆங்கிலேயப் படை அதிகாரியான இவர் 1856இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக நியமிக்கப்பட்டார். மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் அரண்மனை, தெப்பக்குளம் ஆகியவற்றை இவர் காகித நெகட்டிவ்களில் பதிவு செய்தார். அப்படங்கள் 1858இல் தொகுதிகளாக வெளிவந்தன. இவை அரசு ஊதியத்தில் எடுக்கப்பட்டவை. செலவு மிகுதி எனக் கருதப்பட்டதால், ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் காலத்தில் அப்பணி கைவிடப்பட்டது.

20ஆம் நூற்றாண்டில் ஊர்தோறும் ஸ்டூடியோக்கள் தோன்றின. திருமணப் படங்கள் பெரும்பாலும் அவற்றின் வழியாகவே எடுக்கப்பட்டன. சொந்தக் கேமரா வைத்திருந்தோர் ஸ்டூடியோக்களுக்கு நாள் கூலிக்குப் படமெடுத்துக் கொடுத்தனர். இம்முறை இன்றும் வழக்கில் உள்ளது.

பத்திரிகைத் துறையில், மைசூரைச் சேர்ந்த டி. எஸ். சத்யன் (1923–2009) சுயாதீனமாகப் பணியாற்றிப் புகழ்பெற்றவர் ஆவார். இவருக்கு 1977இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. உலக அளவில், ராபர்ட் காப்பா, ஆன்றி கார்த்தியே-பிரெசோன் முதலியோர் 1947இல் தொடங்கிய மேக்னம் என்னும் கூட்டுறவு அமைப்பு ஒரு திருப்புமுனை ஆகும். படத்தின் உரிமை பத்திரிகைக்கு அன்றி எடுத்தவருக்கே இருக்க வேண்டும் என்பது அவ்வமைப்பின் அடிப்படைக் கொள்கை.

பணியின் இயல்பு

மதுரை வட்டாரத்தில் இக்கலைஞர்களின் வருவாய்க்குத் திருமணங்களே முதன்மையான ஆதாரம். ஆடி, மார்கழி மாதங்களில் திருமணங்கள் பொதுவாக நடைபெறுவதில்லை. தை, வைகாசி, ஆவணி போன்ற மாதங்களில் ஒரே முகூர்த்த நாளில் பல அழைப்புகள் வரும். ஆகவே ஆண்டு வருவாய் சில மாதங்களில் குவிந்தும் சில மாதங்களில் வற்றியும் காணப்படும். முகூர்த்த மாதங்களில் ஈட்டியதை மற்ற மாதங்களுக்குப் பங்கிட்டு வைக்கத் தெரிவது இத்தொழிலின் முதல் பாடம் எனலாம்.

தாலி கட்டும் நிகழ்வு சில நொடிகளில் முடிந்துவிடும். அதனை மீண்டும் நடத்தச் சொல்ல இயலாது. பல முகூர்த்தங்கள் விடியலுக்கு முன்னரே அமைவதால் இயற்கை ஒளி கிடைப்பதில்லை. ஓமப் புகை ஃபிளாஷ் ஒளியைச் சிதறடித்துப் படத்தை வெளிறச் செய்யும். இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்சு அலைவெண் கொண்டது என்பதால், மண்டபங்களிலுள்ள சில விளக்குகள் நொடிக்கு 100 முறை ஒளி கூடிக் குறைகின்றன. மிக விரைவான ஷட்டர் வேகத்தில் எடுத்தால் இதனால் படத்தில் பட்டை பட்டையாக இருள் விழும். 1/50 அல்லது 1/100 நொடி வேகத்தில் எடுத்தால் இக்குறை பெரும்பாலும் நீங்கும்.

திருவிழாக்கள் வேறு வகைத் திறனை வேண்டுவன. சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகை ஆற்றில் இறங்கும் நிகழ்வு விடியற்காலையில் பெருங்கூட்டத்தின் நடுவே நடைபெறுகிறது. பக்தர்கள் தோற்பைகளில் நீர் நிரப்பிப் பீய்ச்சுவது மரபு ஆதலால், கேமராவிற்கு மழையுறை கட்டாயம் தேவை. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஆகிய ஊர்களில் பொங்கலையொட்டி நடைபெறும் ஏறுதழுவுதலில் புழுதியும் விரைவான அசைவும் சவாலாக அமைகின்றன. மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 2018 முதல் கைபேசி கொண்டுசெல்லத் தடை உள்ளது. இத்தகைய விதிகளை முன்னரே அறிந்து, உரிய அனுமதி பெற்றுச் செல்வதும் பணியின் ஒரு கூறே ஆகும். நிறுவனத்தின் அடையாள அட்டை இல்லாத சுயாதீனக் கலைஞருக்கு இது கூடுதல் சுமை.

படத்தின் உரிமை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி, ஒளிப்படத்தை எடுத்தவரே அதன் ஆக்கர் ஆவார். ஆனால் ஆக்கரே எப்போதும் முதல் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. அச்சட்டத்தின் 17ஆம் பிரிவு, ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் ஊதியத்திற்காக எடுக்கப்பட்ட ஒளிப்படத்திற்கு, மாறான ஒப்பந்தம் இல்லாதபோது, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு கலைஞர் விடியற்காலையில் பரவையில் ஒரு திருமணத்தைப் படமெடுக்கிறார். திரும்பும் வழியில் அவ்வூர்க் காய்கறிச் சந்தையில் மூட்டை இறக்குவோரைத் தம் விருப்பத்தின் பேரில் படமெடுக்கிறார் எனக் கொள்வோம். நாள் ஒன்று, கேமரா ஒன்று, நினைவக அட்டையும் ஒன்று. ஆயினும், ஒப்பந்தம் ஏதும் இல்லையெனில், திருமணப் படங்களின் பதிப்புரிமை எடுக்கச் சொன்ன குடும்பத்திற்கு உரியது. சந்தைப் படங்களின் பதிப்புரிமை கலைஞருக்கு உரியது. முன்னவற்றைத் தம் விளம்பரத்தில் பயன்படுத்தவும் அவர் குடும்பத்தின் இசைவைப் பெற வேண்டும். பின்னவற்றை அவர் இதழ்களுக்கு விற்கலாம்.

இவ்விதி பிரித்தானியாவின் 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்தது. பிரித்தானியா தனது 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் இதனைக் கைவிட்டு, உரிமையை எடுத்தவருக்கே அளித்தது. அதே வேளையில், வீட்டு நிகழ்ச்சிகளுக்காகப் படமெடுக்கச் சொன்னவருக்கு, அப்படங்கள் பொதுவில் வெளியாகாமல் தடுக்கும் உரிமையையும் தந்தது. இந்திய விதி கலைஞருக்குப் பாதகமாகத் தோன்றினாலும், குடும்பத்தின் அந்தரங்கத்தைக் காக்கும் பயன் அதற்கு உண்டு.

உரிமை வேறொருவரிடம் இருந்தாலும், படத்தை எடுத்தவர் தாமே என்று கோரும் உரிமை 57ஆம் பிரிவின்படி கலைஞரிடமே எஞ்சி நிற்கிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்திற்கு முன்பு ஒளிப்படத்தின் பதிப்புரிமைக் காலம் வெளியீட்டிலிருந்து 60 ஆண்டுகளாக இருந்தது. அத்திருத்தத்திற்குப் பின், ஆக்கரின் வாழ்நாளும் அவர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகளும் என அது நீண்டது.

நெகட்டிவும் கோப்பும்

நெகட்டிவ் காலத்தில் இவ்விதி பெரிதாக உணரப்படவில்லை. சட்டம் எவ்வாறு இருப்பினும், நெகட்டிவ் ஸ்டூடியோவின் பெட்டியில் இருந்தது. மறுபடி வேண்டுமெனில் குடும்பத்தார் ஸ்டூடியோவிற்கே வர வேண்டியிருந்தது. ஒவ்வொரு படிக்கும் பணம் கிடைத்தது. டிஜிட்டல் கேமராக்கள் பரவிய பின், கோப்புகள் முழுவதும் ஒரு பென் டிரைவில் கைமாறுகின்றன. அதன் பிறகு படி எடுக்க எவருக்கும் கலைஞரின் உதவி தேவையில்லை. முன்பு நெகட்டிவ் அளித்த பாதுகாப்பை இப்போது எழுத்து ஒப்பந்தம் மட்டுமே அளிக்க முடியும்.

எழுத்து ஒப்பந்தம்

ஒரு பக்க ஒப்பந்தமே பெரும்பாலான பணிகளுக்குப் போதுமானது. அதில் பின்வருவன இடம்பெற வேண்டும்:

* நாள், இடம், பணி நேரம், கலைஞர்களின் எண்ணிக்கை
* ஒப்படைக்கப்படும் படங்களின் எண்ணிக்கை, ஆல்பத்தின் அளவு, ஒப்படைக்கும் நாள்
* மொத்த ஊதியம், முன்பணம், எஞ்சிய தொகை செலுத்த வேண்டிய கட்டம்
* நிகழ்ச்சி ஒத்திவைக்கப்பட்டாலோ கைவிடப்பட்டாலோ முன்பணத்தின் நிலை
* பதிப்புரிமை யாருக்கு உரியது, கலைஞர் தம் மாதிரித் தொகுப்பில் எவற்றைக் காட்டலாம்

இதழ்களுக்கோ நிறுவனங்களுக்கோ உரிமையை மாற்றித் தரும்போது, அது எழுத்தில் கையொப்பத்துடன் இருத்தல் வேண்டும் எனச் சட்டத்தின் 19ஆம் பிரிவு கூறுகிறது. காலம் குறிப்பிடப்படாவிடில் 5 ஆண்டுகள் எனவும், நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிடில் இந்தியா முழுமைக்கும் எனவும் கொள்ளப்படும். ஆகவே எத்தனை காலத்திற்கு, எந்தப் பயனுக்காக என்பதைக் குறிப்பிட்டு எழுதுவது நன்று.

ஊதியமும் கணக்கும்

நிறுவனங்களிடமிருந்து வர வேண்டிய பணம் தாமதமாவது இத்தொழிலில் பரவலான இடர் ஆகும். குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006 இதற்கு ஓரளவு தீர்வு தருகிறது. சேவைத் தொழில் என்ற வகையில் கலைஞர் தம்மை உத்யம் இணையதளத்தில் பதிவு செய்துகொள்ளலாம். அவ்வாறு பதிவு செய்தவருக்கு, எழுத்து ஒப்பந்தம் இருப்பின் அதில் குறித்த நாளுக்குள், எவ்வாறாயினும் 45 நாட்களுக்கு மிகாமல், பணம் தரப்பட வேண்டும். ஒப்பந்தம் இல்லையெனில் 15 நாட்களே கெடு. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி வீதத்தைப் போல் மும்மடங்கு கூட்டுவட்டி கோரலாம்.

ஊதியத்தை முடிவு செய்யும்போது படமெடுக்கும் நாளை மட்டும் கணக்கிடுவது பொதுவான பிழை. படங்களைத் தேர்ந்தெடுத்தல், வண்ணம் சரிசெய்தல், ஆல்பம் வடிவமைத்தல் ஆகியவற்றுக்கு அதைவிடக் கூடுதல் நாட்கள் செலவாகும். கேமரா, லென்சு, கணினி ஆகியவற்றின் தேய்மானத்தையும் கருவிக் காப்பீட்டையும் பயணச் செலவையும் சேர்த்தே கூலியைக் கணிக்க வேண்டும். தமிழ்நாட்டில் சேவை வழங்குவோரின் ஆண்டு விற்றுமுதல் 20 இலட்சம் ரூபாயைத் தாண்டினால் சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவும் தேவை.

கருவிகளும் கோப்புகளும்

இரண்டு நினைவக அட்டைகளில் ஒரே நேரத்தில் பதியும் கேமராவும், பழுதானால் மாற்றாக ஒரு கேமராவும் திருமணப் பணிக்கு இன்றியமையாதவை. கோப்புகளைக் காக்க 3-2-1 என்னும் விதி பரிந்துரைக்கப்படுகிறது. மொத்தம் மூன்று படிகள், இரு வேறு வகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேறிடத்தில் இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். படி எடுத்ததைச் சரிபார்க்கும் வரை நினைவக அட்டையை அழித்தல் கூடாது. ஒவ்வொரு கோப்பின் தரவுப் பகுதியிலும் எடுத்தவர் பெயரைப் பதிந்து வைப்பது, பின்னாளில் உரிமைச் சிக்கல் எழுந்தால் சான்றாக உதவும்.

ட்ரோன் எனப்படும் ஆளில்லா வானூர்தியால் படமெடுப்போர் ட்ரோன் விதிகள், 2021ஐப் பின்பற்ற வேண்டும். 250 கிராமுக்கு மேல் எடையுள்ளதைத் தொழில்முறையில் இயக்க இயக்குநர் சான்றிதழ் தேவை. விமான நிலையத்தைச் சுற்றிப் பறக்கவிடவும் கட்டுப்பாடுகள் உள்ளன.

படத்தில் உள்ளோர்

பதிப்புரிமை கலைஞரிடம் இருப்பதால் மட்டும் எந்தப் படத்தையும் வெளியிட்டுவிட இயலாது. ஆர். ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் (1994), தனித்து விடப்படும் உரிமையை உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2017இல் புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. சட்டத்துடன் முரண்பட்ட அல்லது பாதுகாப்பு தேவைப்படும் சிறாரை அடையாளம் காட்டும் படங்களை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டம், 2015 தடை செய்கிறது. விளம்பரப் பயன்பாட்டிற்கு, படத்தில் உள்ளவரிடம் எழுத்தில் இசைவு பெறுவது வழக்கம்.

சமூக ஆவணப்படுத்தலில் இப்பொறுப்பு மேலும் கூடுகிறது. மதுரையைச் சேர்ந்த எம். பழனி குமார் உழைக்கும் பெண்களையும் விளிம்புநிலை மக்களையும் நெடுங்காலமாகப் படமெடுத்து வருபவர். கையால் மலம் அள்ளும் கொடுமையைப் பற்றிய கக்கூஸ் (2017) ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளரும் இவரே. 2022இல் முதலாவது தயானிதா சிங்–பாரி ஆவண ஒளிப்பட விருதைப் பெற்றார். இத்தகைய நெடும்பணிகளுக்கு விழா ஊதியம் போன்ற உடனடி வருவாய் கிடைப்பதில்லை. நல்கைகளும் விருதுகளும் அவற்றுக்குத் துணைபுரிகின்றன. கலைஞர் தாமே மேற்கொண்டு எடுக்கும் படங்களின் உரிமை அவருக்கே உரியது என்பதால், அத்தொகுப்பு ஆண்டுகள் செல்லச் செல்ல அவரது நிலையான உடைமையாகவும் அம்மக்களின் வாழ்வுக்கான ஆவணமாகவும் அமைகிறது.