ஆட்கொணர்வு மனுவை வாபஸ் வாங்கச் சொல்கிறார்களா?

பண்ருட்டிப் பக்கத்தில் ஒருவர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தால், வீட்டார் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடுவார்கள். நாலைந்து மாதம் போனதும், "பெயில்ல எடுத்துக்கலாம், மனுவ வாபஸ் வாங்கிடுங்க" என்று ஒருவர் வந்து சொல்வார். சில சமயம் சிறையில் இருப்பவரே சலித்துப்போய், "வேண்டாம், விட்டுடுங்க" என்பார். கையெழுத்துப் போடுமுன் கொஞ்சம் யோசியுங்கள்.

பெயில் போதாது

குண்டர் சட்ட ஆணை நிலுவையில் இருக்கும்வரை, மூல வழக்கில் ஜாமீன் கிடைத்தாலும் ஆள் வெளியே வர முடியாது. அந்த ஆணையை அரசு ரத்து செய்ய வேண்டும், ஆணையைப் பரிசீலிக்கும் அறிவுரைக் கழகம் போதிய காரணமில்லை என்று சொல்ல வேண்டும், அல்லது நீதிமன்றம் உடைக்க வேண்டும்.

எப்போது வாபஸ் வாங்கலாம்?

ஆள் விடுதலையாகிவிட்டாலோ ஆணை ரத்தாகிவிட்டாலோ மனுவுக்கு வேலையில்லை. காணாமல் போனவருக்காகப் போட்ட மனு என்றால், போலீஸ் அவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி முறையாக ரிமாண்டு செய்திருந்தால், அடுத்த வழி பெரும்பாலும் ஜாமீன்தான். மனுவில் முக்கியக் காரணம் விடுபட்டிருந்தால், புதிதாகத் தாக்கல் செய்யும் உரிமையோடு திரும்பப் பெறலாம்.

என்ன இழப்பு?

மறுபடி மனு போடும் உரிமையைக் கேட்டு வாங்காமல் ரிட் மனுவைத் திரும்பப் பெற்றால், அதே காரணத்துக்காக உயர் நீதிமன்றத்துக்கு மீண்டும் வர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1986இல் சொன்னது. ஆனால் தனிமனித சுதந்திரம் சார்ந்த ஆட்கொணர்வு மனு வேறு வகை என்று அதே தீர்ப்பு ஒதுக்கி வைத்தது. புதிய காரணங்களோடு இரண்டாவது ஆட்கொணர்வு மனு போடலாம் என்று அதற்கு முந்தைய தீர்ப்பொன்று ஏற்கெனவே ஏற்றிருந்தது. ஆக, சட்டப்படி வழி இருக்கிறது. ஆனால் குண்டர் சட்டக் காவலின் உச்சவரம்பே 12 மாதம். புது மனு விசாரணைக்கு வருவதற்குள் அதில் பெரும்பகுதி சிறையிலேயே கழிந்துவிடும்.

விருப்பம் யாருடையது?

மனைவியோ தாயோ மனுதாரராக இருக்கலாம். பறிபோயிருப்பது உள்ளே இருப்பவரின் சுதந்திரம். முடிவு அவருடையதாக, தெளிந்த மனதோடு எடுத்ததாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் மரண தண்டனைக் கைதி ரீஸ் தன் மனுவைத் திரும்பப் பெறச் சொன்னபோது, அவருடைய மனநிலையைப் பரிசோதிக்கும்படி அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1966இல் உத்தரவிட்டது.

மனுவை விடாமல் நடத்தினால் என்ன ஆகும் என்பதற்கு நம் கடலூர் மாவட்டமே சாட்சி. 1993இல் கம்மாபுரம் போலீஸார் பிடித்துச் சென்ற முதனை ராசாக்கண்ணு தப்பி ஓடிவிட்டதாகச் சொல்லப்பட்டது. வழக்கறிஞர் கே. சந்துரு மூலம் மனைவி பார்வதி ஆட்கொணர்வு மனு தொடுத்தார். அது காவல் மரணம் என்பது வெளிவந்து, காவலர்கள் தண்டனை பெற்றார்கள். 'ஜெய் பீம்' படத்துக்கு அடிப்படை இந்த வழக்குதான்.

மிரட்டினால்?

வெற்றுத் தாளில் கையெழுத்திடாதீர்கள். "வாபஸ் வாங்கினால் அடுத்த கேஸ் போட மாட்டோம்" என்ற வாய்மொழியை நம்பாதீர்கள். வற்புறுத்தி வாங்கிய கையெழுத்து என்றால் வழக்கறிஞர் வழியாக உடனே நீதிமன்றத்தில் தெரிவியுங்கள். சிறையிலிருந்தே உயர் நீதிமன்றத்துக்குக் கடிதமும் எழுதலாம்; திகார் கைதி சுனில் பத்ராவின் கடிதத்தையே உச்ச நீதிமன்றம் மனுவாக ஏற்றிருக்கிறது. காவலில் இருப்பவருக்கு, வருமானம் எதுவானாலும், சட்ட உதவி இலவசம். கடலூர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

வாபஸ் வாங்கியே ஆக வேண்டுமென்றால், உத்தரவின் நகலைக் கேட்டு வாங்குங்கள். புதிய மனு போடும் உரிமை அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.