வலியதுறைக் கடல்பாலம்

திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் கடலை ஒட்டி ஓர் ஊர் இருக்கிறது. அதன் பெயர் வலியதுறை. மலையாளத்தில் 'வலிய' என்றால் பெரிய என்று பொருள். துறை நமக்குத் தெரிந்த சொல்தான். ஒரு காலத்தில் அது உண்மையிலேயே பெரிய துறையாக இருந்தது. கப்பல்கள் வந்தன. சரக்குகள் ஏறி இறங்கின. அதற்குக் காரணமாக இருந்தது ஒரு கடல்பாலம்.

கடலுக்குள் ஏன் பாலம்?

ஆற்றுப் பாலம் இக்கரையையும் அக்கரையையும் சேர்க்கும். கடல்பாலத்துக்கு அக்கரை கிடையாது. அது கரையில் தொடங்கி, கடலுக்குள்ளேயே முடிந்துவிடும். பிறகு எதற்கு அது?

கரையோரத்தில் கடலின் ஆழம் குறைவு. பெரிய கப்பல் அங்கே வந்தால் தரை தட்டிவிடும். ஆகவே அது தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். கப்பலுக்கும் கரைக்கும் இடையே படகில்தான் சரக்கு போக வேண்டும். ஆனால் கரைக்கு அருகில்தான் அலை உயர்ந்து உடைகிறது. சுமை ஏற்றிய படகு அங்கே கவிழ்ந்துவிடும். பாலமோ அலை உடையும் இடத்தைத் தாண்டி நீண்டு நிற்கும். படகு பாலத்தின் நுனிக்கு வந்தால் போதும். சரக்கை மேலே தூக்கிக் கொள்ளலாம்.

பாலத்தின் கதை

வலியதுறையில் முதல் பாலம் 1825-ஆம் ஆண்டு கட்டப்பட்டது. அப்போது திருவிதாங்கூர் மன்னராட்சி நடந்தது. 1947-ல் 'எஸ்.எஸ். பண்டிட்' என்ற கப்பல் மோதி அந்தப் பாலம் இடிந்தது. 1956-ல் புதிய பாலம் எழுந்தது. அதன் நீளம் 703 அடி, அதாவது 214 மீட்டர்.

இதற்குள் கொச்சித் துறைமுகம் பெரிதாக வளர்ந்துவிட்டது. அங்கே கப்பல் கரையை ஒட்டியே நிற்க முடியும். எனவே சரக்கு அங்கே போயிற்று. வலியதுறைக்குக் கப்பல் வருவது நின்றது.

ஆனாலும் பாலம் சும்மா இருக்கவில்லை. மழைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும். கரையிலிருந்து படகைத் தள்ள முடியாது. அந்த நாட்களில் மீனவர்கள் கட்டுமரத்தையும் வள்ளத்தையும் பாலத்தின் மேல் கொண்டு போவார்கள். கயிறு கட்டிக் கடலில் இறக்குவார்கள். பிறகு தாங்களும் குதித்து ஏறிக்கொள்வார்கள். பாலம் இருந்ததால் மழைக்காலத்திலும் அடுப்பு எரிந்தது.

2021 மே மாதம் டவ்தே புயல் வந்தது. பேரலைகள் மோதியதில் பாலம் சரிந்தது. 2024 மார்ச்சில் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. பாலம் இரண்டு துண்டானது.

பாலத்தை அரிப்பது எது?

புயல் ஒரு நாள் அடிக்கிறது. உப்போ நாள்தோறும் அரிக்கிறது. பாலத்தின் தூணில் கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பிகள் இருக்கின்றன. கான்கிரீட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. அவற்றின் வழியே உப்பு உள்ளே போகிறது. கம்பி துருப்பிடிக்கிறது. துருப்பிடித்த இரும்பு பருக்கும். அது உள்ளிருந்து நெருக்குவதால் கான்கிரீட் வெடிக்கும். வெடிப்பு வழியே இன்னும் அதிக உப்பு போகும். பழைய வீட்டுக் கூரையில் காரை பெயர்ந்து கம்பி தெரிவதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான்.

தூணில் எந்த இடம் முதலில் கெடும்? எப்போதும் நீருக்குள் இருக்கும் பகுதி அல்ல. அலை அடித்து அடித்து நனைந்து, மீண்டும் காயும் பகுதிதான். அங்கே உப்பும் காற்றும் சேர்ந்து வேலை செய்கின்றன.

எப்படிச் சீர் செய்வது?

முதலில் முக்குளிப்பவர்கள் நீரில் இறங்கி ஒவ்வொரு தூணையும் சோதிக்க வேண்டும். வெடித்த கான்கிரீட்டை உடைத்து எடுக்க வேண்டும். கம்பியின் துருவைச் சுரண்ட வேண்டும். மெலிந்த கம்பியோடு புதுக் கம்பி சேர்க்க வேண்டும். பிறகு தூணைச் சுற்றிச் சட்டை போட்டதுபோலப் புதிய கான்கிரீட் வார்க்க வேண்டும். மிகவும் கெட்ட தூணுக்குப் பதிலாகப் புதுத் தூண்தான் நட வேண்டும்.

சிறு வெடிப்பு தெரியும்போதே அடைத்தால் செலவு குறைவு. தூண் சாய்ந்த பிறகு செய்தால் பாதிப் பாலத்தையே புதிதாகக் கட்ட வேண்டியிருக்கும்.

மணலுக்கும் வழி வேண்டும்

பாலத்துக்குப் பதிலாகக் கல்லைக் கொட்டிச் சுவர் எழுப்பினால் என்ன? சுவர் அலையைத் தடுக்கும். ஆனால் மணலையும் தடுக்கும். கடற்கரை மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. அது நீரோட்டத்தோடு கரையோரமாக நகர்ந்துகொண்டே இருக்கும். சுவர் குறுக்கே நின்றால் ஒரு பக்கம் மணல் குவியும். மறுபக்கம் கரை அரிக்கும். தூண்களின் மேல் நிற்கும் பாலத்தில் இந்தச் சிக்கல் குறைவு. தூண்களுக்கு நடுவே நீரும் மணலும் போய்விடும்.

நகருக்கு வடக்கே உள்ள முதலப்பொழி துறைமுகத்தைப் பாருங்கள். அங்கே அலைத்தடுப்புச் சுவர்கள் உண்டு. ஆனால் முகத்துவாரத்தில் மணல் சேர்கிறது. படகுகள் கவிழ்ந்து பலர் உயிரிழந்திருக்கிறார்கள். மணலை வாரிக்கொண்டே இருந்தால்தான் அப்படிப்பட்ட துறை பிழைக்கும்.

கடலரிப்பு வலியதுறை மக்களையும் விடவில்லை. வீடு இழந்த குடும்பங்கள் பழைய கிடங்குகளில் தங்க நேர்ந்தது. எனவே கடலில் எதைக் கட்டினாலும் மணல் எங்கே போகும் என்று முதலில் கேட்க வேண்டும்.

வரும் படகுக்கு என்ன தேவை?

வலியதுறைக்குத் தெற்கே விழிஞம் இருக்கிறது. அங்கே பெரிய சரக்குத் துறைமுகம் 2025 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதன் அருகில் மீன்பிடித் துறைமுகமும் உண்டு. மழைக்காலத்தில் கன்னியாகுமரி மாவட்டத்துப் படகுகள்கூட அங்கே வருகின்றன. வெளியூர்ப் படகு வந்தால் அதற்கு என்னென்ன வேண்டும்?

படகைக் கட்ட உறுதியான கம்பம் வேண்டும். சுவரில் மோதாமல் இருக்க ரப்பர் தடுப்பு வேண்டும். ஏறி இறங்கப் படிக்கட்டு வேண்டும். இரவில் வழிகாட்ட விளக்கு வேண்டும். டீசல், ஐஸ், குடிநீர் கிடைக்க வேண்டும். ஏலக்கூடம் சுத்தமாக இருக்க வேண்டும். மீன் விற்கும் பெண்களுக்குக் கழிப்பறையும் நிழலும் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாகப் புயல் எச்சரிக்கை வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தது. ஆழ்கடலுக்கு முன்பே போயிருந்தவர்களுக்குச் செய்தி எட்டவில்லை. கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் நூற்றுக்கணக்கானோர் கரை திரும்பவில்லை. எனவே ஒவ்வொரு துறையிலும் எச்சரிக்கைப் பலகையும், கடலுக்குப் போனவர்கள் யார் யார் என்ற பதிவேடும், மீட்புப் படகும் இருக்க வேண்டும்.

பழைய பாலத்தைச் சீராக்குவது பழம்பெருமைக்காக மட்டும் அல்ல. கடலுக்குப் போகிறவர் பத்திரமாகப் போய்வர அது ஒரு வாசல். வாசலைப் பழுது பார்ப்பது வீட்டாரின் உரிமை, கடமை இரண்டும்தான்.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் ஊர்ப் படகுத்துறையில், பாலத்தில், பள்ளிக் கட்டடத்தில் வெடிப்பு தெரிகிறதா? அதை யாரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும்?
2. கரையில் சுவர் எழுப்பிய பிறகு பக்கத்து ஊர்க் கரை எப்படி மாறியது?
3. புயல் எச்சரிக்கை உங்கள் வீட்டுக்கு எப்படி வருகிறது?